அரிது என்று அச்சடித்தால் அரிதாகிவிடுமா?

ஒரு கார்டின் மூலையில் '1/1' என்று அடிக்க அச்சகத்துக்குத் தனியாக எவ்வளவு செலவாகும்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் பக்கத்திலேயே தலை நரைத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். ஓர் எண்ணை ஃபாயிலில் அழுத்திவிட்டு, இதற்கு மேல் அடிக்காதே என்று முதலாளி சொன்னதும் மெஷினை நிறுத்துவதுதான் அந்த வேலை. அடித்தால் இன்னும் பத்தாயிரம் அடிக்கலாம். அடிக்காமல் நிறுத்திக்கொண்டதற்காகவே அமெரிக்காவில் ஒரு கார்டுக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். பேஸ்பால் கார்டு சேர்க்கும் பழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த வயதில் அது என்னையே பிடித்துக்கொண்டுவிட்டது. பழைய கார்டு வேறு, இன்று கடையில் தொங்கும் பாக்கெட் வேறு. இரண்டையும் ஒரே பொழுதுபோக்கு என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் என் புகார்.

நியூஜெர்சியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். பேரனுக்குக் கார்டுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஹோட்டல் ஹாலை வாடகைக்கு எடுத்து வரிசையாக மேஜை போட்டுக் கார்டுச் சந்தை நடத்துகிறார்கள். அவனுக்குத் துணைக்கு நான்தான் போக வேண்டும். ஆட்டம் எனக்குப் பாதிதான் புரியும். அட்டை முழுக்கப் புரியும். டாட் பார்க்கும் லென்ஸ் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். ஊரில் ஷீட் பார்த்த பழக்கம், விடவில்லை.

பழைய கார்டுக்காரர்கள் 'டி206' என்று ஒரு வரிசையைப் பயபக்தியோடு சொல்வார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் வைத்துக் கொடுத்தது. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம், இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். பாக்கெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை, அதிலேயே ஒரு விளம்பரம். முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் என்று ஏதாவது ஒரு சிகரெட்டின் பெயர். நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து அடித்த லித்தோ வேலை அது. லென்ஸை வைத்தால் இன்றைய நான்கு நிற ஆஃப்செட்டில் தெரியும் ஒழுங்கான டாட் வட்டங்கள் தெரியாது. நிறத்தின் மேல் நிறம் படிந்து கிடக்கும். ரெஜிஸ்டர் லேசாக விலகி, உதட்டுச் சிவப்பு தாடையில் விழுந்திருக்கும். மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் ஒரு மூலை போன கார்டை என் கையில் கொடுத்து, பார் என்று விட்டுவிட்டார். நான் லென்ஸை எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, இந்த ஆள் வேறு ஜாதி வாடிக்கையாளர் என்று. அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் அவர் மேஜையில்தான் போகின்றன.

அந்த வரிசையில் ஷெர்ரி மேகீ என்ற ஆட்டக்காரரின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக விழுந்துவிட்டது. பிறகு திருத்தி அடித்தார்கள். தப்போடு வெளியே போனவற்றுக்கு இன்று பெரிய விலை. எங்கள் ஊரில் அப்படி ஒரு தப்பு விழுந்தால் கம்போசிட்டர் சம்பளத்தில் பிடித்துவிட்டு ஷீட்டை வேஸ்ட் கட்டில் போட்டுவிடுவோம்.

ஆனால் டி206 என்றாலே எல்லோரும் கேட்பது ஹோனஸ் வாக்னரைத்தான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். அவருடைய கார்டு அச்சானதும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறுவர்கள் தன் படத்துக்காக சிகரெட் வாங்கக் கூடாது என்பது அவர் எண்ணம் என்கிறது ஒரு கதை. தனக்குக் காசு தரவில்லை என்பதுதான் காரணம் என்கிறது இன்னொரு கதை. வாக்னரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் இரண்டாவது கதைக்கும் ஆள் இருக்கிறது. எப்படியோ, இன்று இருப்பதாகத் தெரிவது அறுபது பிரதிகள் வாக்கில்தான். 2022-ல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

இவற்றில் மிகப் புகழ்பெற்ற பிரதி ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. பிறகு அது ஒரு கடைச் சங்கிலியின் பரிசுப் போட்டியில் பரிசாக வைக்கப்பட்டு, ஃப்ளோரிடாவில் தபால் ஊழியர் ஒருவருக்கு விழுந்தது. பரிசுக்கு வரி கட்ட வழியில்லாமல் அவர் அதை விற்க வேண்டியதாயிற்று. 2007-ல் 28 லட்சம் டாலருக்கு அரிசோனா பேஸ்பால் அணியின் உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்தது. இத்தனை பழைய கார்டின் ஓரங்கள் எப்படி இவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்று சந்தைக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்தார்கள். அந்தக் கார்டை ஆரம்பத்தில் வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ, பின்னாளில் பெரிய ஏல வியாபாரியானவர், ஏல மோசடி வழக்கில் 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். ஓரங்களை அவர்தான் வெட்டியிருக்கிறார்.

கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு இது ஆச்சரியமே இல்லை. நூறு வருடம் கைபட்ட அட்டையின் ஓரம் மெத்தென்று நார் விட்டிருக்கும். புதிதாகப் பிளேடு பட்ட ஓரம் பளிச்சென்று நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். ஆனால் தடவ விடமாட்டார்கள், ஏனென்றால் கார்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. 1991-ல் பிஎஸ்ஏ என்ற நிறுவனம் தொடங்கியது. கார்டை அனுப்பினால் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டு எது தெரியுமா? இதே வாக்னர்தான். வெட்டிய கார்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பது அவர்கள் விதி. அதற்குக் கொடுத்ததோ 8.

ஒரு தடவை தவறினார்கள் என்பதற்காக மொத்தத் தொழிலையும் நான் தள்ளிவிடவில்லை. முகம் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்குகிறவனுக்கு மூன்றாம் ஆள் ஒருவர் சொல்வது உபயோகம்தான். ஆனால் சந்தையில் இப்போது யாரும் கார்டைப் பார்ப்பதில்லை, மேலே ஒட்டிய எண்ணைப் பார்க்கிறார்கள். கார்டை வாங்கு, பெட்டியை வாங்காதே என்று பழைய சேர்ப்பாளர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு இப்போது கிழவர்களின் மேஜையில் மட்டும்தான் கேட்கிறது.

எனக்குப் பிடித்த சேர்ப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் ஊர்க்காரர், தொழிற்சாலைத் தொழிலாளி, மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கிப்போனவர். டி206 என்ற பெயர் அவர் தயாரித்த பட்டியலிலிருந்து வந்ததுதான். டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளைச் சேர்த்து நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்தார். அதில் முப்பதாயிரத்துக்கு மேல் பேஸ்பால் கார்டுகள், வாக்னரும் உண்டு. கொடுத்ததோடு நிற்கவில்லை. பல வருடம் மியூசியத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆல்பங்களில் தானே ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் இறந்துபோனார். பசை போட்டு ஒட்டிய கார்டு இன்றைய மதிப்பெண்காரர்கள் கணக்கில் சேதமான சரக்கு. பர்டிக்குக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, ஏனென்றால் விற்பதற்காக அவர் சேர்க்கவில்லை. தீப்பெட்டி லேபிள்களை நோட்டில் ஒட்டி வைத்த ஆட்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தார்கள். அவர்களுக்கும் அவருக்கும் பேச நிறைய இருந்திருக்கும்.

இனி டாப்ஸ் கதை. 1952-ல் புரூக்ளினில் பபிள்கம் செய்துகொண்டிருந்த டாப்ஸ் கம்பெனிக்காக சை பெர்கர் என்பவர் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு கார்டு வரிசையை வடிவமைத்தார். 407 கார்டுகள். முன்னால் வண்ணம் ஏற்றிய படம், ஆட்டக்காரரின் கையெழுத்து, அணியின் சின்னம், பின்னால் புள்ளிவிவரம். இன்றுவரை எல்லாக் கார்டும் அந்த அமைப்பின் வழியில்தான் போகின்றன. கடைசிப் பகுதி கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவம் முடிகிற நேரம், பையன்கள் மனம் ஃபுட்பாலுக்குப் போய்விட்டது. விற்காத பெட்டிகள் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-ல் பெர்கர் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லான்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். கொட்டியவற்றில் 311-ம் எண், மிக்கி மேன்டல் என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டும் கட்டுக்கட்டாக இருந்தது. அந்த மேன்டல் கார்டில் மிக நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பழைய கார்டு அரிதானது இப்படித்தான். சிலதைக் கடல் கொண்டது. சிலதைச் சைக்கிள் சக்கரத்தில் சத்தம் வருவதற்காகச் சொருகினார்கள். மகன் ராணுவத்துக்கோ கல்லூரிக்கோ போனதும் அம்மாக்கள் அறையைச் சுத்தம் செய்து குப்பையில் போட்டது பாக்கி எல்லாம். யாரும் காப்பாற்ற நினைக்காததில் தப்பிப் பிழைத்தது என்பதுதான் அந்த அட்டைக்கு மதிப்பு. அச்சகத்தால் இதைத் தயாரிக்க முடியாது.

கையெழுத்துப் பந்திலும் இதே கதைதான், கொஞ்சம் கூடுதல் களவோடு. பந்தில் 108 சிவப்புத் தையல்கள். இரண்டு தையல் வரிசைகள் நெருங்கி வரும் குறுகலான இடத்துக்கு ஸ்வீட் ஸ்பாட் என்று பெயர். ஒரே ஆள் கையெழுத்திட்டால் அங்கேதான் போடுவார். அச்சுக்காரன் முதலில் பார்ப்பது பேனா எழுத்தை அல்ல, பந்தின் மேல் உள்ள முத்திரையை. 1999 வரை பந்தில் அந்தந்த லீகின் தலைவர் பெயர் கையெழுத்து வடிவில் அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீகில் வில்லியம் ஹாரிட்ஜ் பெயர் 1931-லிருந்து 1959 வரை. அவருக்குப் பின் 1973 வரை ஜோ குரோனின். பேஸ்பாலின் பெரும் நட்சத்திரம் பேப் ரூத் இறந்தது 1948-ல். அப்படியானால் ஜோ குரோனின் முத்திரை உள்ள பந்தில் பேப் ரூத் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? பேனாவும் காட்டிக்கொடுக்கும். பால்பாயிண்ட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945 அக்டோபரில். இன்னொரு பழம் நட்சத்திரம் லூ கெரிக் 1941-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பால்பாயிண்டில் எழுதிய லூ கெரிக் பந்து ஒன்றை யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

தொண்ணூறுகளில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு வேட்டை நடத்தியது. கலிஃபோர்னியாவில் ஒரு கும்பல் பேப் ரூத்திலிருந்து மிக்கி மேன்டல் வரை எல்லார் கையெழுத்தையும் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தது, சான்றிதழும் சேர்த்து. சான்டியாகோ அணியின் நட்சத்திரம் டோனி க்வின் தன் அணியின் கடையிலேயே தன் போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டார். பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்களும் இருந்தன. வாங்கவும் ஆள் இருந்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதன் பிறகு 2001-ல் மேஜர் லீக் தன் சொந்தச் சான்று முறையைக் கொண்டுவந்தது. காவல்துறையில் இருக்கிற, இருந்த ஆட்கள் மைதானத்திலேயே உட்கார்ந்து, கண்ணெதிரே நடப்பதற்கு மட்டும் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு.

அதைவிட நல்ல ஏற்பாடு நேரில் போய்க் கேட்பது. எங்கள் வீட்டுக்கு அருகே பிரிட்ஜ்வாட்டரில் சாமர்செட் பேட்ரியாட்ஸ் என்று யாங்கீஸின் கீழ்நிலை அணி ஒன்று ஆடுகிறது. ஆட்டத்துக்கு முன் வேலியோரம் நின்றால் பையன்கள் கையெழுத்துப் போடுவார்கள். பேரனிடம் இருக்கும் பந்தில் கையெழுத்திட்ட பாதிப் பேர் பெரிய லீகுக்குப் போகவே மாட்டார்கள். விலைக்குப் போனால் பந்தின் விலைகூடத் தேறாது. அது அசல் என்று சொல்ல அவனுக்கு எந்த ஹாலோகிராமும் தேவையில்லை, அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்.

எண்பதுகளில் பழைய கார்டு விலை ஏறிய செய்தி பரவியதும் நாடே பெட்டி பெட்டியாகப் புதுக் கார்டு வாங்கிப் பரணில் அடுக்கியது. டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ், ஸ்கோர், அப்பர் டெக் என்று ஐந்து கம்பெனிகளும் மெஷினை நிறுத்தவே இல்லை. எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்டதால் எதுவும் அரிதாகவில்லை. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு என்று வாங்கி வைத்த 1987, 1990 பெட்டிகள் இன்று சந்தையில் மேஜைக்கு அடியில் கிடக்கின்றன, தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று.

கம்பெனிகள் அதில் ஒரு பாடம் கற்றுக்கொண்டன. அரிது தானாக வரவில்லை என்றால் நாமே அடித்துவிடுவோம். நூறுதான், பத்துதான், ஒன்றுதான் என்று எண் போட்ட கார்டுகள் வந்தன. கையெழுத்தை ஒட்டினார்கள், ஜெர்ஸித் துண்டை ஒட்டினார்கள். துண்டுக்கு எங்கே போவது? 2003-ல் டான்ரஸ் கம்பெனி பேப் ரூத் ஆடிய ஜெர்ஸி ஒன்றை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் கார்டில் வைத்து விற்றது. மியூசியத்தில் இருக்க வேண்டிய துணி அது. அரிதை உண்டாக்க அரிதான ஒன்றை அழித்தார்கள். இதை மோசடி என்று எந்தச் சட்டமும் சொல்லாது. நான் சொல்வேன்.

'1/1' என்று எண் போட்ட அந்த ஒற்றைக் கார்டு எந்தப் பாக்கெட்டில் என்று யாருக்கும் தெரியாது. கிழித்துப் பார்க்க வேண்டும். 2024 கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பாக்கெட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு பால் ஸ்கீன்ஸ் என்ற இளம் பிட்ச்சரின் ஒற்றைக் கார்டு கிடைத்தது. அதைக் கொடுத்தால் முப்பது வருடத்துக்கு சீசன் டிக்கெட் தருகிறோம் என்றது பைரேட்ஸ் அணி. குடும்பம் ஏலத்துக்கு அனுப்பியது. 11 லட்சத்து 10 ஆயிரம் டாலர். அந்தச் சிறுவனுக்கு வாழ்த்துகள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பாக்கெட் வாங்கி, கிழித்து, உதட்டைப் பிதுக்கிய குழந்தைகளின் கணக்கை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

சிவகாசியில் லாட்டரிச் சீட்டு அடித்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சீட்டுகளில் ஒன்றுக்குப் பரிசு, மற்றதெல்லாம் காகிதம். சுரண்டல் லாட்டரியில் கூலிக்காரர்கள் வாரச் சம்பளத்தை விட்டதைத் தெருவில் பார்த்தோம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தினார்கள். அச்சகத்துக்கு அது நஷ்டம், தெருவுக்கு நல்லது. இங்கே கார்டுப் பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்று பொடி எழுத்தில் வாய்ப்புக் கணக்கு அச்சடித்திருப்பார்கள். லாட்டரிக்கு வேறு என்ன இலக்கணம்? இது சூதாட்டம் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2002-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியவர்கள் காசுக்குச் சரியான பொருளைப் பெற்றுவிட்டார்கள், நினைத்த கார்டு வரவில்லை என்ற ஏமாற்றம் நஷ்டம் ஆகாது என்ற பொருளில் தள்ளிவிட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அந்த ஏமாற்றத்தை நம்பித்தான் அடுத்த பாக்கெட் விற்கிறது.

நியூஜெர்சியில் 18 வயது ஆகாதவருக்கு லாட்டரிச் சீட்டு விற்கக் கூடாது. அதே கடையில் கார்டுப் பாக்கெட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விற்கலாம். லட்சங்களுக்குப் போகும் கார்டை உள்ளே ஒளித்து விற்கிற பாக்கெட்டுக்கும் அந்த வயது வரம்பு வேண்டும் என்பது என் கட்சி. கார்டை ஒளிக்காமல், முகம் தெரிகிற மாதிரி விற்றால் எந்த வயதுப் பிள்ளையும் வாங்கட்டும்.

அறுபதுகளின் டாப்ஸ் கார்டு, மடிப்பு விழுந்தது, பெயர் மறந்துபோன ஆட்டக்காரருடையது, எந்தச் சந்தையிலும் இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கிறது. அதன் பின்பக்கம் படிக்க ஒரு மனிதனின் வாழ்க்கை இருக்கிறது. இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்குச் சொல்கிறேன்: பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பாக்கெட் வாங்காதீர்கள், இதை வாங்கிக் கொடுங்கள். இங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் உங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு அந்த வயது வரம்பைப் பற்றி ஒரு கடிதமும் எழுதுங்கள். எனக்கு ஓட்டு இல்லை, அதனால் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.